நிமிரும்வே அண்ணாச்சி

திருநெல்வேலிச் சீமையில் போலீசுக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். துரைக்குப் பயப்படாதவர்கள் இருந்தார்கள். மாமியாருக்குப் பயப்படாத மருமகள்கள் இரண்டு பேரை எனக்கே நேரில் தெரியும். ஆனால் நிமிரும்வே அண்ணாச்சி எதிரே வரும்போது கூன் போட்டு நடக்கத் துணிந்த ஓர் ஆத்மாவை நான் கண்டதில்லை.

டில்லியில் இங்கிலீஷ் சக்கரவர்த்திக்கு முடிசூட்டு தர்பார் நடந்த சமயம் அது. பாளையங்கோட்டையில் ஒரு சர்க்கார் கச்சேரியில் நான் நகல் குமாஸ்தா. பழைய பத்திரங்களையும் உத்தரவுகளையும் பார்த்துப் பார்த்து எழுதுவது என் வேலை. அண்ணாச்சி ரிக்கார்டு அறைக்குப் பொறுப்பு. பெற்றவர்கள் அவருக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். "நிமிரும்வே" என்பது அவர் வாயிலிருந்து நாளைக்கு நூறு தடவை வரும் சொல்லாகையால் அதுவே பெயராகிவிட்டது. தபால்காரர்கூட வாசலில் நின்று, "நிமிரும்வே அண்ணாச்சிக்கு ஒரு கார்டு" என்றுதான் கூவுவார்.

ஆள் குள்ளம். ஆனால் கோயில் கொடிமரத்துக்கு வேட்டி கட்டி, கோட்டு மாட்டி நடக்கவிட்டது போல் இருப்பார். குடையைப் பத்தடிக்கு ஒரு தரம் கை மாற்றிக்கொள்வார். தரையில் ஒரு காகிதம் விழுந்தால் நாமெல்லாம் குனிந்து எடுப்போம். அவர் முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் கீழே இறங்கி, எடுத்துக்கொண்டு அப்படியே மேலே வருவார். கிணற்றில் வாளி இறங்கி ஏறுகிற மாதிரி இருக்கும்.

அவர் அறையில் ரிக்கார்டுக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி கனம். யாராவது இடுப்பை வளைத்து ஒன்றைத் தூக்கப் போனால் தீர்ந்தது.

"என்னவே செய்யுதீரு? குறுக்கு என்ன கொல்லாசாரி அடிச்சுக் கொடுத்த கீலா, மடக்கி மடக்கி நீட்ட? உக்காரும். கட்டை நெஞ்சோட அணையும். ம், இப்பம் காலால எழும்பும்."

கஜானா வாசலில் பாராக்காரன் மணிக்கொரு தரம் மணி அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டதும் குமாஸ்தாக்கள் பதினோரு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, தோளை மூன்று சுற்றுச் சுற்றி, கழுத்தை அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்க வேண்டும். இது சர்க்கார் உத்தரவு அல்ல, அண்ணாச்சி உத்தரவு. ஒருநாள் திசையன்விளையிலிருந்து மனுக் கொடுக்க வந்த ஒரு பெரியவர், நாங்கள் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து மேலே பார்ப்பதைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அவரும் அண்ணாந்து கைகூப்பினார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: "மேல எந்தச் சாமிய்யா இருக்கு?"

கச்சேரியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தெருவும் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டதுதான். ஆற்றிலிருந்து குடம் எடுத்து வந்த ஒரு பெண்ணை ஒருநாள் நிறுத்தி, "தாயி, எப்பமும் ஒரே இடுப்புல சுமந்தா முதுகு கோணிப்போகும். பாதி வழியில மாத்து" என்றார்.

அவள் நிதானமாகச் சொன்னாள்: "அந்த இடுப்புல பிள்ளை இருக்கு அண்ணாச்சி. மூணாவதா ஒரு இடுப்பு இருந்தா சொல்லுங்க, மாத்துதேன்."

அண்ணாச்சி குடையை என் கையில் கொடுத்தார். அவள் குடத்தை வாங்கித் தம் இடுப்பில் வைத்து, இருபதடிக்கு ஒரு தரம் பக்கம் மாற்றி, கோட்டு நனைய நனைய அவள் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்கினார். தெருவே சிரித்தது. அவருக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

ஒரு கல்யாண ஊர்வலத்தில் பல்லக்கையே நிறுத்தினார். முன்னால் தூக்கியவர்கள் நெட்டை, பின்னால் தூக்கியவர்கள் குட்டை. பாரம் முழுவதும் குட்டையர்கள் தோளில் சாய்ந்திருந்ததாம். மாப்பிள்ளையை இறங்கச் சொல்லி, ஒரு நெட்டை ஒரு குட்டை என்று ஆட்களை மாற்றி நிறுத்த ஆரம்பித்தார்.

"நல்ல நேரம் போகுதுவே" என்று மாப்பிள்ளையின் தகப்பனார் பதறினார்.

"நேரம் போனா நாளைக்கும் வரும். தோள் போனா வராது" என்றார் அண்ணாச்சி.

மாப்பிள்ளை மட்டும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி, எனக்கு பல்லக்குல ஏறினதுல இருந்தே தலை சுத்துது" என்று சொல்லி, பெண் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்.

இவருக்கு ஒரு பகையாளி உண்டென்றால் அது எங்கள் சிரஸ்தார். கச்சேரியில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். மணி அடித்ததும் நாங்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தாலே அவருக்கு முகம் சிவக்கும். "இது கச்சேரியா, கழைக்கூத்தா?" என்பார். ஒருநாள் துரை தணிக்கைக்கு வரும் நேரம். சிரஸ்தார் மேஜையிலிருந்து அரக்கு முத்திரை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். எடுத்தவர் நிமிரவில்லை. குறுக்குப் பிடித்துக்கொண்டது.

அதே நேரத்தில் துரை உள்ளே நுழைந்தார். எதிரே சிரஸ்தார், அரைவட்டமாக வளைந்து, தலைப்பாகை தரையைத் தொட நிற்கிறார். இப்படி ஒரு சலாமை துரை தம் உத்தியோக காலத்திலேயே கண்டதில்லை போலும். தொப்பியைக் கழற்றி, தாமும் லேசாகத் தலை குனிந்தார். சிரஸ்தார் எழவில்லை. துரை மறுபடி குனிந்தார். சிரஸ்தார் அப்போதும் எழவில்லை. "போதும், போதும்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, மனம் நெகிழ்ந்துபோய், தணிக்கையைப் பாதியில் முடித்துக்கொண்டு போனார்.

நாங்கள் நாலு பேர் சிரஸ்தாரை அந்த வளைவோடேயே ரிக்கார்டு அறைக்குக் கொண்டுபோனோம். அண்ணாச்சி ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவரைப் பையப் படுக்க வைத்து, இரண்டு காலையும் மடக்கி நாலு ரிக்கார்டுக் கட்டுகளின்மேல் தூக்கி வைத்தார். அரை மணியில் முனகல் நின்றது.

"ஒரு மாசம் லீவு போட்டுப் படுத்திரட்டுமா?" என்றார் சிரஸ்தார் ஈனஸ்வரத்தில்.

"படுக்கவே கூடாதுய்யா. நாளைக்கே பத்தடி நடக்கணும், நாளான்னைக்கு இருபதடி. படுத்தா குறுக்கும் உங்க கூடவே படுத்துக்கிடும்."

பத்து நாளில் சிரஸ்தார் சரியாகிவிட்டார். அதன்பின் மணி அடித்தால் அவரும் எழுந்து உத்தரத்தைப் பார்ப்பார், ஏதோ ஒட்டடை பார்க்கிறவர் போல.

இனி என் கதை. அந்த ஐப்பசியில் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறையில் ஏறும்போது பாசியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. எலும்பு கட்டுகிற வைத்தியர் முட்டை வெள்ளையும் உளுந்தமாவும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்தார். எங்கள் சைவ வீட்டில் அதுவரை முட்டை வாசற்படி தாண்டியதில்லை. "வாய்க்கு இல்லவே, கைக்குத்தான்" என்று வைத்தியர் சமாதானம் சொன்னார்.

நாற்பத்தைந்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தபோது உள்ளே இருந்தது என் கை அல்ல. ஏதோ காய்ந்த முருங்கைக்காய். விரல் மடங்கவில்லை. பேனாவைப் பிடித்தால் நழுவி விழுந்தது. என் வேலையோ அப்போது நிரந்தரமாகாத ஆக்டிங் வேலை. மாசி பிறக்கும்போது எழுதிக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் வேறு ஆள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆழ்வார்குறிச்சியில் என் மாமனார், மாப்பிள்ளை சர்க்கார் உத்தியோகஸ்தர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி என் வீட்டு வாசலில் நின்றார்.

"கையைக் காட்டும்" என்றார். காட்டினேன். திருப்பிப் பார்த்தார். "எலும்பு நல்லாத்தான் கூடியிருக்கு. கைக்கு வேலைதான் மறந்துபோச்சு. சொல்லிக் கொடுத்திருவோம்."

அன்றிலிருந்து தினமும் கச்சேரிக்குப் போகுமுன் வருவார். முதலில் வெந்நீரில் கையை வைத்து விரலை மடக்கி நீட்ட வேண்டும். பிறகு ஈரத் துணியைப் பிழிய வேண்டும். பிறகு தட்டில் கொட்டிய பாசிப்பயறை ஒவ்வொன்றாக இரண்டு விரலால் பொறுக்கிச் சொம்பில் போட வேண்டும். சுருண்ட துண்டை விரலாலேயே விரித்து, விரித்ததை விரலாலேயே சுருட்ட வேண்டும். வலிக்கிறது என்றால், "முனங்குதா, கூப்பாடு போடுதா?" என்று கேட்பார். "முனங்கினா செய்யும். கூப்பாடு போட்டா நிறுத்திரும்."

பத்து நாளில் மாவு பிசையச் சொன்னார். இருபதாம் நாள் அம்மியில் துவையல் அரைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேலே தலைகளை வரிசையாக வைத்து இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். என் மனைவிக்கு முதலில் வெட்கம். இரண்டு நாளில் அது தெளிந்துவிட்டது.

"அண்ணாச்சி, இவிய கைக்கு ஆட்டுரல் நல்லதா?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லது தாயி."

"அப்பம் நாளைக்கு இட்லிக்கு ஊறப் போட்டிருதேன்."

ஆனால் தை பிறந்தும் பேனா நிற்கவில்லை. நாலு எழுத்து எழுதுவதற்குள் விரல் விறைத்துக்கொண்டது. ஒருநாள் காலையில் எனக்குத் தாங்கவில்லை. பயறுத் தட்டைத் தள்ளிவிட்டேன். முற்றமெல்லாம் பயறு.

"போதும் அண்ணாச்சி. இந்தக் கை வராது. மாமனாருக்குக் காயிதம் எழுதிருதேன். அதையும் வேற யாராவதுதான் எழுதணும்."

அண்ணாச்சி கோபிக்கவில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்து பயறைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ராதாபுரத்துக்குப் பக்கம் வே. எங்க ஊர்ல ஒரு இளவட்டக்கல் உண்டு. அதைத் தோளுக்கு மேல தூக்கிப் பின்னால போட்டவனுக்குப் பொண்ணு கொடுப்பாங்க. இருபத்தோரு வயசுல தூக்கினேன். முழங்கால் வரைக்கும் வந்துச்சு. அங்கனயே குறுக்குல ஏதோ அறுந்த மாதிரி. எட்டு மாசம் படுத்த படுக்கை. அசைஞ்சா செத்துப்போவான்னு வைத்தியன் சொல்லிட்டான். சோறு ஊட்டினாங்க. எனக்குப் பேசின பொண்ணை வேற ஊர்ல கட்டிக் கொடுத்தாங்க. ஒருநாள் பகல்ல ஓலைக் கூரையில தீப்பிடிச்சிட்டு. வீட்ல ஒருத்தரும் இல்ல. நான் எழும்பி வெளிய வந்துட்டேன்."

"நடந்தா?"

"ஓடி. ஊரே முருகன் செயல்னு கும்பிட்டுது. எனக்கு அழுகையா வந்துச்சு. எழும்ப முடியும்னு அத்தனை மாசமா ஒரு பயலும் எனக்குச் சொல்லலையேவே." கடைசிப் பயறைத் தட்டில் போட்டார். "அதான் நான் எல்லாருக்கும் சொல்லுதேன். உமக்கும் சொல்லுதேன். கை வரும்."

நான் பயறை எடுத்தேன்.

அப்போதுதான் நான் பேனா பிடிப்பதை அவர் உற்றுப் பார்த்தார். "பேனாவைக் கொல்லுதீரே. கோழிக்குஞ்சைப் பிடிக்க மாதிரி பிடியும். விரலால எழுதாதேயும், தோளை அசைச்சு எழுதும்." அது பழக இன்னும் பதினைந்து நாள் ஆயிற்று. மாசி முதல் வாரம் சிரஸ்தார் முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். வியர்த்துக் கொட்டியது. படித்துறையில் விழுவதற்கு முன் என் எழுத்து வலப்பக்கம் படுத்துக்கிடக்கும். இப்போது ஒவ்வொன்றும் செங்குத்தாக நின்றது. சிரஸ்தார் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார்.

"உம்ம எழுத்தையும் நிமித்திட்டாராவே அந்த மனுஷன்?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணாச்சி பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன நாலாம் வருஷம், அவர் தங்கையிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. விதவையான அந்த அம்மாள்தான் அவருக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் குளத்தங்கரையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார், கட்டுப் பிரித்து ஒரு மாதமாகிறது, எலும்பு கூடிவிட்டது, ஆனால் கட்டிலைவிட்டு எழும்ப மாட்டேன் என்கிறார், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டி பிடித்தேன்.

கட்டிலில் சுருண்டு கிடந்தார். அத்தனை சின்ன உருவமா அவர் என்று எனக்குத் திக்கென்றது.

"எழும்பும் அண்ணாச்சி, முற்றம் வரைக்கும் போவோம்."

"நீரு போம்வே. எனக்கு வலிக்கு."

"முனங்குதா, கூப்பாடு போடுதா?"

"எல்லாம் போடுது. எம்புட்டுப் பேருக்குச் சொன்னேன். ஒருத்தராவது, இப்படிப் பயமா இருக்கும்னு எங்கிட்டச் சொன்னீங்களா?"

வலது கையை நீட்டினேன். பழக்க தோஷம், உடனே மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் திரும்பணுமே. தினம் செய்யுதீரா இல்லியா?" என்று திட்டிக்கொண்டே, அந்தக் கையைப் பிடித்தபடி காலைக் கட்டிலிலிருந்து கீழே வைத்தார். வாசலில் அவர் தங்கை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

முற்றத்துக் கிணறு வரை பன்னிரண்டு அடி இருக்கும். அடிக்கு ஒரு தரம் நின்றார். நின்ற இடத்திலெல்லாம் நான் நிற்பது சரியில்லை, மூச்சு விடுவது சரியில்லை என்று குறை சொன்னார். வண்டிக்காரன் இரண்டு முறை எட்டிப் பார்த்து, இருட்டுவதற்குள் ராதாபுரம் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு எங்கேயும் போய்ச் சேர அவசரமில்லை.