மச்சான் தேனில் மக்காச்சோளம்

புதிதாக மீசை முளைத்தவனையும் புதிதாக புரோகிராம் எழுதியவனையும் நாலு பேர் முன்னால் விடக்கூடாது. இரண்டாமவன் ரொம்ப ஆபத்து. (நான் இரண்டாமவன். மீசை இன்னும் சரியாக வரவில்லை.)

கல்லூரிக் கடைசி வருடத்தில், மைக்ராஸ்கோப் படத்தைப் பார்த்து அது எந்தப் பூவின் மகரந்தம் என்று தானே சொல்லும் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். தென்னை, முருங்கை, மக்காச்சோளம் என்று ஏழெட்டுப் பூக்கள்தான் அதற்குத் தெரியும். ஆனால் தென்காசியில் நான் நடந்த நடையைப் பார்த்தால், தேனீக்கள் எல்லாம் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பறக்கின்றன என்று நினைப்பீர்கள்.

அந்தச் சமயம் அக்காவின் கணவர் காசிம் மச்சான் துபாயிலிருந்து வந்து, இலத்தூர் தென்னந்தோப்பில் தேன்பெட்டி வைத்திருந்தார். குற்றாலத்தில் ஒரு தேன்கடை அண்ணாச்சி சீசன் முழுக்க வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அது படியாவிட்டால் மச்சான் மறுபடி துபாய்க்குப் போகவேண்டியதுதான். விசா தயாராக இருந்தது. அக்காவுக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

“இது தென்னந்தோப்புத் தேன்தான்னு நான் வந்து சயின்ஸ்படி நிரூபிச்சுத் தாரேன் மச்சான்!” (யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன்.)

லேப்டாப்பும் கல்லூரி மைக்ராஸ்கோப்புமாக மச்சானோடு கடைக்குப் போனேன். நான் சொன்னபடி அண்ணாச்சி முந்தின நாளே தேனை வெந்நீரில் கரைத்துத் தெளியவைத்திருந்தார். அடியில் படிந்ததைக் கண்ணாடித் துண்டில் எடுத்து, மகரந்தம் பளிச்சென்று தெரிய ஒரு துளி சிவப்புச் சாயம் விடவேண்டும். வேடிக்கை பார்க்கக் கூடிய கூட்டத்தைப் பார்த்த மிதப்பில் மூன்று துளி விட்டுவிட்டேன். பரவாயில்லை என்று பட்டனை அழுத்தினேன்.

திரையில் வரிசையாக விழுந்தது: மக்காச்சோளம். மக்காச்சோளம். மக்காச்சோளம்.

அண்ணாச்சி முகம் மாறியது. “என்ன பாய், இலத்தூர்ல ஏது மக்காச்சோளம்? சோளப்பாகு கீது ஊத்துதீரா?”

“அல்லா சத்தியமா தென்னந்தோப்புதான் அண்ணாச்சி.”

“ஒம்ம மச்சினன் கம்ப்யூட்டரே சொல்லுதே வே!”

அந்த நேரத்தில் நான் யார் பக்கம் நின்றேன் தெரியுமா? கம்ப்யூட்டர் பக்கம். “மெஷின் பொய் சொல்லாது மச்சான். தேனீ சுரண்டைச் சோளக்காட்டுப் பக்கம் எங்கயாவது போயிருக்கும்...”

“எந்த பஸ்ல லே போச்சி?” என்று என்னைத் தள்ளிவிட்டு, மச்சான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். கண்ணாடித் துண்டை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தார்.

“மாப்ள, ஒன் மக்காச்சோளம் எப்படி இருக்கும்?”

“உருண்டையா, பந்து மாதிரி.”

“தென்னை?”

“நீளமா, நடுவுல ஒரு கீறலோட...” சொல்லச் சொல்லவே என் குரல் இறங்கிவிட்டது.

“இங்கன அத்தனையும் பேரீச்சங்கொட்டை மாதிரில்லா கிடக்கு! பதினோரு வருசம் துபாய்ல அதத் தின்னவன் லே நான். எனக்குத் தெரியாதா?”

அண்ணாச்சியும் குனிந்து பார்த்தார். “ஆமா வே, நடுவுல கோடு!” என்றவர் என் லேப்டாப்பை விரல் நுனியால் ஓரமாகத் தள்ளினார். “பத்து டின் கொண்டாரும் பாய். இந்தப் பெட்டிய மட்டும் கொண்டாராதீரும்.”

பஸ்ஸில் வரும்போது விஷயம் பிடிபட்டது. புரோகிராமுக்குப் பாடம் எடுக்க மக்காச்சோளப் படங்கள் எடுத்த அன்று மட்டும் இதேபோல் நான் சாயத்தை அள்ளி ஊற்றியிருந்தேன். அது மகரந்தத்தின் உருவத்தைப் படிக்கவில்லை. ‘நல்ல சிவப்பா? அப்போ மக்காச்சோளம்’ என்று படித்துத் தேறியிருக்கிறது. வாத்தியார் எப்படியோ பிள்ளை அப்படி.

அன்றைக்கு அக்கா இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டாள். இரண்டாவது என்னுடையது.

மச்சான் இலத்தூரிலேயே இருக்கிறார். புரோகிராமும் இப்போது ஒழுங்காகச் சொல்கிறது. ஆனால் எங்கள் வீட்டில், தெரியாததைத் தெரிந்த மாதிரி அடித்துச் சொல்வதற்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது. போன வாரம் வானத்தை அண்ணாந்து பார்த்து, “இன்னைக்குச் சாரல் வராது” என்று தீர்ப்புச் சொன்னேன். கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து அக்காவின் சத்தம்:

“ஏலே மக்காச்சோளம்! ஓடியா, துணியெல்லாம் நனையுது!”