லீக்கேஜ் சார் வெப்சைட்டுக்கு இடம் பார்த்த கதை

திருவள்ளூர் மாவட்டத்திலேயே அதிகம் பயந்தவர் யார் என்று ஒரு போட்டி வைத்திருந்தால் எங்கள் லீக்கேஜ் சார்தான் முதல் பரிசு வாங்கியிருப்பார். வாங்கிய கையோடு கோப்பையில் தண்ணீர் ஊற்றி, அடியில் ஒழுகுகிறதா என்றும் பார்த்திருப்பார்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் காக்களூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் நான் ஆபீஸ் கிளார்க். அவர் அங்கே இன்ஸ்பெக்டர். வால்வுக்குள் தண்ணீரை ஏற்றி, அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய், எங்கே சொட்டு எட்டிப்பார்க்கிறது என்று டார்ச் அடித்துத் தேடுவது அவர் வேலை. சொட்டு தெரிந்தால் "லீக்கேஜ்!" என்று ஷெட்டே அதிரக் கத்துவார். அந்தக் கத்தலே அவருக்குப் பெயராகிவிட்டது.

கேன்டீன் பெஞ்சை மூன்று முறை அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டார். லிஃப்ட் என்றால் முதலில் இரண்டு பேர் மேலே போய் உயிரோடு கீழே வர வேண்டும். தன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை பஸ் ஸ்டாப் வரை ஓடிவிட்டு வரச் சொல்லி, மூச்சு எப்படி வாங்குகிறது என்று காது வைத்துக் கேட்டவர். போன மாப்பிள்ளை திரும்பவே இல்லை என்று ஷெட்டில் சொல்வார்கள். பொய். திரும்பி வந்தார், கல்யாணமும் நடந்தது.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் வேலை போய் மாட்டிக்கொண்டது.

கம்பெனிக்கு வெப்சைட் வேண்டும் என்றார் முதலாளி. கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் என்பதால் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெப்சைட் என்றால் அது எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் குடியிருக்க வேண்டும். அந்த இடத்தை வாடகைக்கு விடுபவர்கள்தான் ஹோஸ்டிங் கம்பெனிக்காரர்கள். என் அத்தை பையனின் சிநேகிதன் ஒருவன் மலிவாகத் தருகிறேன் என்றான். அவனிடமே வேலையைக் கொடுத்தேன். இரண்டாவது மாதமே சைட் மூன்று நாள் காணாமல் போனது, சிநேகிதனும் போனை எடுக்கவில்லை. நான்காம் நாள் ஜெர்மனி கஸ்டமரிடமிருந்து மெயில் வந்தது: "உங்கள் தொழிற்சாலையை மூடிவிட்டீர்களா?"

முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இன்னொரு தபா நின்னுதுன்னா, மறுநாள் நீ வேலைக்கு வராதம்மா" என்றார் மெதுவாக. பிறகு லீக்கேஜ் சாரைக் கூப்பிட்டார். "நைனா, நீதான் எவனையும் நம்ப மாட்டியே. இந்தப் பொண்ணோட போயி நல்ல எடமா பாரு."

அப்பா வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்று மத்தியானம் கேன்டீனில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லீக்கேஜ் சார் எதிரே வந்து, பெஞ்சை அழுத்திவிட்டு, உட்கார்ந்தார்.

"இன்னாமா, பயமா கீதா?"

"ஆமா சார்."

"நல்லது. பயம் கீறவங்கதான் ஒயுங்கா பாப்பாங்க. வா, போலாம்."

மறுநாள் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். சார் பையில் டார்ச் இருந்தது.

முதல் கம்பெனி ஒரு பிரியாணிக் கடை மாடியில். "எங்க சைட்டு எதுல இருக்கும், காட்டு" என்றார். பையன் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினான். "அது போச்சுன்னா?" பக்கத்தில் இருந்த இன்னொன்றைக் காட்டி, "இதுல காப்பி இருக்கு சார்" என்றான் பெருமையாக. லீக்கேஜ் சார் குனிந்து டார்ச் அடித்தார். இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஒரே பிளக். அதற்குக் கீழே தரையில் பிரியாணி அடுப்பின் சூடு. வெளியே வந்ததும் ஒரு சோடா வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

இரண்டாவது இடம் கண்ணாடிக் கட்டடம். டை கட்டிய மேனேஜர், "எங்க சர்வர் நின்னதே கிடையாது சார், நிக்கவும் நிக்காது" என்றார். சார் கண்ணால் சுவரெல்லாம் துழாவுவதைப் பார்த்துவிட்டேன்.

"கரண்ட்டு போனா?"

"பேட்டரி இருக்கு, ஜெனரேட்டர் இருக்கு, ஒரு பிரச்சினையும் வராது."

பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனார் சார். அடுத்த நிமிடம் மாடி முழுக்க இருட்டு. மெயின் ஸ்விட்சைத் தேடிப் பிடித்து இழுத்துவிட்டார்! பேட்டரி கீச்சுக் கீச்சென்று கத்தியது. ஜெனரேட்டர் சாவி வாட்ச்மேனிடம், வாட்ச்மேன் சாப்பாட்டில். நான்கு நிமிடத்தில் கீச்சும் அடங்கியது. யார் யாருடைய சைட்டெல்லாம் அந்த நேரத்தில் கண்ணை மூடியதோ தெரியாது. "லீக்கேஜ்!" என்று இருட்டிலிருந்து பழகிய குரல் கேட்டது. படியில் நான் ஓடிய ஓட்டம் இன்னும் முழங்காலில் இருக்கிறது. போலீஸ் பிடிக்கும், பேப்பரில் போட்டோ வரும் என்று சென்ட்ரல் வரை நடுங்கிக்கொண்டே வந்தேன். சார் என்னைவிட நடுங்கினார். ஆனால் முகத்தில் ஒரு திருப்தி.

மூன்றாவது ஆள் பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பாய் ஒருவர். மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கம் சின்ன அறை. மெயின் ஸ்விட்சை சாரின் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நான் நின்றேன்.

"மெஷின காட்டு பாய்."

"மெஷின் இங்க இல்ல சார். அமெரிக்காவுல கீது. நான் மொத்தமா வாடகைக்கு எடுத்து பிரிச்சுக் குடுக்கறேன்."

"நிக்குமா?"

"நிக்கும் சார். போன மாசம் ரெண்டு தபா நின்னுடுச்சு, ஒரே பேஜாரு." சொல்லிவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வைத்தார். என்றைக்கு நின்றது, ஏன் நின்றது, எந்தக் கஸ்டமருக்கு எத்தனை மணிக்குப் போன் செய்தார், எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது.

லீக்கேஜ் சார் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத நிம்மதி. "நிக்காதுன்னு சொல்றவன் டெஸ்ட்டே பண்ணாதவன்மா. இவுரு எங்க ஒயுகும்னு தெரிஞ்சு வெச்சிக்கினு கீறாரு. இவுருதான்."

நம்பினாலும் முழுக்க நம்பிவிடுவாரா? சைட்டின் பிரதி ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் சி.டி.யில் ஏற வேண்டும் என்றார். அந்த சி.டி. அவர் வீட்டு பீரோவில், மனைவியின் பட்டுப்புடவைக்கு நடுவில், ரசகற்பூர உருண்டையோடு தூங்கும்.

ஜெர்மனிக்காரர்கள் எங்கள் சைட்டில் கேட்டலாக்கைப் பார்த்து ஆர்டரை முடிவு செய்வதாகச் சொன்ன நாளும் வந்தது. காலை பதினோரு மணிக்கு பாய் போன் செய்தார்.

"அம்மா, நின்னுடுச்சு. அமெரிக்கா மெஷின் பூட்ச்சு. வேற மெஷின் ரெடி பண்ணிட்டேன். உங்ககிட்ட காப்பி கீதா?"

அப்பாவின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஷெட்டுக்கு ஓடி லீக்கேஜ் சாரிடம் சொன்னேன். சைக்கிளை எடுத்தார். ஆயுளில் முதல் முறையாக பிரேக்கைச் சோதிக்காமல் ஏறினார். அரை மணியில் சி.டி.யோடு வந்து நின்றார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. டயல்-அப் கனெக்‌ஷனில் ஒவ்வொரு படமும் ஆமையாக ஊர்ந்தது. அறை முழுக்க ரசகற்பூர வாசனை. இரண்டு பேரும் திரையைப் பார்த்தபடி, ஒரு டீகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். இரண்டரை மணிக்கு சைட் திறந்தது. சைட்டின் முதல் பக்கத்து அடியில், வெளியிலிருந்து வந்து போனவர்களை எண்ணும் ஒரு குட்டிக் கட்டம் இருக்கும்; நாங்கள் திறந்தால் எண்ணாது. மூன்றரைக்கு அது ஒன்று ஏறியது. ஆர்டர் வந்தது. என் வேலையும் தப்பியது.

அவர் ரிட்டையர் ஆன அன்று, போட்ட மாலையின் நாரை இழுத்துப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "புதுவாயல்ல பொண்ணு ஊட்டுக்குப் போறேன். அங்க பிரவுசிங் சென்டர் கீது. தெனம் பத்து மணிக்கு ஒரு தபா நம்ம சைட்ட தொறந்து பாத்துடறேன். நீ பயப்படாத."

எங்கள் சைட்டுக்கு வாரத்துக்கு இரண்டு பேர் வந்தாலே பெரிய கூட்டம். ஆனால் தினமும் பத்து மணிக்கு அந்தக் கட்டம் தவறாமல் ஒன்று ஏறியது. நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையைத் தொடங்குவேன். எட்டு மாதம் ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை ஏறவில்லை. புதன்கிழமையும் ஏறவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன். "சைட்டு ஜோரா ஓடுதும்மா" என்றார். அப்படியானால் சாருக்குத்தான் ஏதோ; அவர் மகள் வீட்டு போன் நம்பரும் என்னிடம் இல்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி, வழியெல்லாம் வேண்டாததையெல்லாம் நினைத்து அழுதுகொண்டே புதுவாயல் போய்ச் சேர்ந்தேன். பஸ் ஸ்டாப் வரை ஓடிய அதே மாப்பிள்ளைதான் கதவைத் திறந்தார்.

உள்ளே லீக்கேஜ் சார் காலில் மாவுக்கட்டோடு சாய்ந்திருந்தார். கடையில் புது ஸ்டூல் வாங்குமுன் மேலே ஏறிக் குதித்துப் பார்த்தாராம். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னாமா... சைட்டு நின்னுடுச்சா?"

"இல்ல சார், நல்லா ஓடுது."

"பின்ன ஏம்மா அயுதுக்கினு வந்துகீற?"

"ரெண்டு நாளா நீங்க வரல சார்."

அவர் மகளைப் பார்த்து, "இந்தப் பொண்ணுக்கு நல்ல நாற்காலியா பாத்துப் போடு" என்றார். நான் அதை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

கட்டுப் பிரிக்கும்வரை தினமும் பத்து மணிக்கு நானே சைட்டைத் திறந்துவிட்டு, அவர் மகள் வீட்டுக்குப் போன் செய்தேன். "தொறக்குதாமா?" என்பார். "தொறக்குது சார்" என்பேன். அந்தக் குரல் வரும்வரை, மணி அடிக்க அடிக்க, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பேன்.