கிளட்ச் விஷயத்தில் ஒரு தீர்ப்பு வேண்டி

உவேடா,
நவம்பர் 20

பெருமதிப்பிற்குரிய மச்சான் யசுஹாரு அவர்களுக்கு,

மலை உச்சியில் முதல் பனி விழுந்துவிட்டது. எங்கள் மரத்தில் பறவைகளுக்கென்று விட்டுவைத்த கடைசிப் பெர்சிமன் பழமும் கனிந்துவிட்டது. தங்கள் முழங்கால் இந்தக் குளிரை எப்படித் தாங்குகிறதோ என்று தங்கள் தங்கை மிட்சுயோவும் நானும் தினமும் பேசிக்கொள்கிறோம். தினமும் இல்லை, ஆனால் கடிதத்தில் அப்படித்தான் எழுத வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் போன வருடம் தபால் பெட்டியை உரசியதிலிருந்து, எழுபத்துநாலு வயதில் ஓட்டியது போதும், லைசென்ஸைப் போலீஸில் ஒப்படையுங்கள் என்று மிட்சுயோ நச்சரித்துக்கொண்டிருந்தாள். புத்தாண்டன்று தங்கள் வீட்டில் மூன்றாம் கிண்ணம் சாக்கே மது உள்ளே போனதும், "கிளட்ச் போற அன்னைக்கு லைசென்ஸும் போகும்" என்று சபதம் செய்தேன். சாட்சி தாங்கள் ஒருவர்தான். என் இரண்டு இருக்கை நீல வண்டியின் கிளட்ச் இன்னும் பதினைந்து வருடம் உழைக்கும் என்று நம்பிச் சொன்னது. அக்டோபரிலேயே அது வழுக்க ஆரம்பித்துவிட்டது.

ஆனால் மச்சான், வழுக்குவது வேறு, போவது வேறு. போவதற்கு முன்பே மாற்றிவிட்டால் அது போகவில்லை என்றுதானே அர்த்தம்? ஆகவே பட்டறைக்காரர் கமேயாமாவை வரவழைத்து, கொட்டகையில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, கியர்பாக்ஸை இறக்கினோம். இறக்கினோம் என்பது ஒரு பேச்சுக்கு, அது தானாகவே என் நெஞ்சின் மேல் இறங்கியது. உள்ளே கிளட்ச் தட்டு கருகிக் கிடந்தது, அது உரசும் ஃப்ளைவீல் சக்கரத்தில் நீலநீலமாகச் சூட்டுத் தழும்புகள். கமேயாமா நெடுநேரம் பார்த்துவிட்டு, "சார், இது அனுபவப்பட்ட கால் இல்லையே. யாரோ கத்துக்குட்டி பாதி அமுக்கி பாதி விட்டு வறுத்திருக்காங்க" என்றார். ஐம்பது வருடம் ஓட்டியவனிடம் இந்தப் பேச்சு. அவருக்குத் தேநீரோடு பலகாரம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், மிட்சுயோ ஏனோ இரட்டிப்பாக வைத்தாள்.

மறுநாள் மாட்டப் போனால், கமேயாமா வாங்கி வைத்திருந்த புது ஃப்ளைவீலைக் காணவில்லை. ஏழு கிலோ இரும்பு நடந்து போகாது. கடைசியில் பின்கட்டில், முட்டைக்கோஸ் ஊறும் மரத்தொட்டியின் மேல், ஊறுகாயை அழுத்தும் கல் இருக்க வேண்டிய இடத்தில் உப்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தது. மிட்சுயோவைக் கேட்டால், "பழசுல ஒரே கரி. புதுசுதான் சுத்தமா இருந்துச்சு" என்கிறாள். துருவைத் தேய்த்தெடுக்க இரண்டு நாள். மாட்டி முடித்ததும் ஒரு போல்ட் மிஞ்சியது என்று எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினோம், பிறகுதான் அது சோற்றுப் பானையின் கைப்பிடிக்கு உரியது என்று தெரிந்தது.

இப்போது பெடல் அவ்வளவு இதமாக இருக்கிறது. சபதம் மீறப்படவில்லை என்று தாங்கள் ஒரே ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். அந்த வண்டியில் மலைப்பாதை ஏறும்போது மட்டும்தான் எனக்கு வயதாகவில்லை. அதுவும் இல்லையென்றால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

தங்கள் வீட்டுக் கூரையும் முழங்காலும் இந்தப் பனியைத் தாங்கி நிற்க வேண்டி வணங்கும்,
ததாமாசா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உறையில் தங்கள் பெயரைப் பார்த்ததும் மிட்சுயோ தன் லைசென்ஸை எடுத்து என் முன்னால் வைத்தாள். கிளட்ச் இல்லாத வண்டியை மட்டுமே ஓட்டலாம் என்னும் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' வரி அதில் இப்போது இல்லை. புதன்தோறும் நான் கோ காய் விளையாட்டு ஆடப் போகும்போது, மூடிக்கிடக்கும் செங்கல் ஆலை முற்றத்தில், ஆகஸ்டிலிருந்து என் வண்டியில் பழகியிருக்கிறாள். கிளட்சை வறுத்த கால் அவளுடையது. என் சபதத்தைத் தாங்கள் புத்தாண்டு முடிவதற்குள்ளேயே அவளிடம் சொல்லிவிட்டீர்களாமே. "குடுத்த வாக்கு குடுத்ததுதான், லைசென்ஸ ஒப்படைச்சிடுங்க. ஆனா மலைக்குப் போகாம நீங்க இருக்க மாட்டீங்க. அதான் கத்துக்கிட்டேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது மச்சான். கோபத்தினால் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

தீர்ப்பு வேண்டாம். ஞாயிறன்று மலை தாண்டி வருகிறோம். அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில், மடியில் முட்டைக்கோஸ் ஊறுகாய். அவள் கியர் மாற்றும்போது நான் வாய் திறக்கக் கூடாதாம். திறந்தால் பழைய ஃப்ளைவீலும் என் மடியில்தான்.