எறும்புக்கு இரண்டு நெறியாளர்கள்

"இருபது பக்கமா? யார் படிப்பாங்க இதை?" என்றார் சுருக்கு சார், முதல் பக்கத்தைக்கூடத் திருப்பாமல்.

அவருடைய உண்மையான பெயர் அறை வாசலில் பித்தளைப் பலகையில் பளபளக்கிறது. மாணவர்கள் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. எதைக் கொண்டுபோனாலும் ஓரத்தில் ‘சுருக்கு’ என்று எழுதித் திருப்பித் தருவதுதான் அவர் பல வருடங்களாகச் செய்துவரும் ஒரே அறிவியல் பணி.

எதிரே நின்ற ஆய்வு மாணவி மூன்று வருடமாக எறும்பு பார்த்தவள். வீட்டுச் சமையலறை ஜன்னல் திட்டில் ஊரும் வரிசையின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, எது நிற்கிறது, எது திரும்புகிறது என்று கண் வலிக்க வலிக்கக் குறித்திருந்தாள். அந்தத் திட்டை யாரும் துடைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். மாமியார் சர்க்கரை டப்பாவைத் தன் படுக்கையறைக்கு மாற்றிக்கொண்டு பொறுமையாக இருந்தார். கண்டுபிடித்ததும் நல்ல விஷயம்தான். தலைமை தாங்கி வரும் எறும்பு கண்ணாடியில் முட்டிக்கொண்டு சும்மா நிற்கிறது. பின்னால் வருபவைதான் வழி தேடுகின்றன.

"இது யாரையோ குத்துற மாதிரி இருக்கே?"

"எறும்பைத்தான் சார் சொல்றேன்."

"எட்டுப் பக்கத்துக்குள்ள சொல்லு."

அவளுக்கு ஒரு கல்லூரியில் வேலை தயாராக இருந்தது. கல்லூரி திறப்பதற்குள், ஏதாவது ஓர் ஆய்விதழ் அவள் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் காட்ட வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்தவருக்கு. ஆகவே வாயை மூடிக்கொண்டு எட்டுப் பக்கமாக்கி, இணை நெறியாளரிடம் கொண்டுபோனாள்.

தாழ்வாரத்தின் மறுகோடியில் இருப்பவர் விரிவு மேடம். அவருக்கும் சாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டையைக்கூட மாணவர்களின் கட்டுரை ஓரங்களில்தான் போட்டுக்கொள்வார்கள்.

"எட்டுப் பக்கமா? இது கட்டுரையா, மளிகைச் சீட்டா?"

"சார்தான் மேடம்…"

"அவருக்குப் படிக்கச் சோம்பல். நீ விரிவா எழுது. அப்புறம், தலைப்புல ‘எறும்பு’ன்னு இருக்கு பாரு, அது உறுத்துது. ஒண்ணாங்கிளாஸ் பாடம் மாதிரி. அதை நான் யோசிக்கிறேன்."

விரித்தாள். சார் சுருக்கச் சொன்னார். சுருக்கினாள். மேடம் விரிக்கச் சொன்னார். கட்டுரை ஆர்மோனியத் துருத்தி மாதிரி விரிந்து விரிந்து சுருங்கியது. கடைசியில், இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் பிரச்சினை தீரும் என்று அவளுக்கு ஓர் ஆசை வந்தது. படித்த பிள்ளைக்கு வரக்கூடாத ஆசை.

உட்கார்ந்தார்கள். பக்கக் கணக்கை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"என் பேரு முதல்ல வரணும். என் மாணவி," என்றார் சார்.

"குறுக்க கண்ணாடி வைக்கச் சொன்னது யாரு? நான்தானே? என் பேருதான் முதல்ல," என்றார் மேடம்.

கண்ணாடி அவள் கணவன் கைதவறி உடைத்த போட்டோ சட்டத்திலிருந்து வந்தது. அவன் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் பெயர் மூன்றாவது இடத்துக்குப் போனதையும் யாரும் கவனிக்கவில்லை.

மேடம் எழுந்தார். "என்கிட்ட விடு. லேசா மெருகேத்தி நானே அனுப்பறேன். நீ இனிமே தொடாதே."

அதோடு சாருக்கு முகம் கறுத்துவிட்டது. அவள் வேலைக்குப் போவதற்கான அனுமதிக் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும். கேட்டபோதெல்லாம், "அந்தம்மாகிட்டயே வாங்கிக்கோ," என்று ஜன்னலைப் பார்த்தார்.

பல நாள் நடையாய் நடந்த பிறகு ஒரு நாள் மனமிரங்கினார். மேசைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு காகிதத்தை எடுத்துப் போட்டார்.

"ஒரு ஆய்விதழ்ல இருந்து இந்தக் கட்டுரையை வெளியிடலாமான்னு என்னைக் கேட்டிருக்காங்க. எழுதினவங்க பேரை மறைச்சுத்தான் அனுப்புவாங்க. அபிப்பிராயத்தை நீ எழுதிக் கொடு, என் பேர்ல அனுப்பிக்கிறேன். கையெழுத்து உடனே போடறேன்."

"படிச்சுட்டு நாளைக்கே தரேன் சார்."

"படிக்கிறதா? எதுக்கு? கடைசிப் பக்கத்தைப் பாரு. மேற்கோள்ல என் பேரு ஒரு இடத்திலயாவது இருக்கா? இல்லைல்ல? அப்புறம் என்ன படிக்கிறது!"

வீட்டுக்குப் போனதும் தலைப்பைப் பார்த்தாள். ‘குறுக்கீட்டுச் சூழலில் கூட்டுயிரிகளின் திசைத்தெரிவு இயங்கியல்: ஒரு பன்முக அணுகல்.’ முதல் பத்தியில் மூன்று வரி படித்தாள். தேனீயா மீனா என்றே தெரியவில்லை. கட்டு மட்டும் தலையணை கனம். மூடி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள்.

மூன்று வருடமாக வாங்கிய ‘சுருக்கு’, ‘விரி’ எல்லாம் பேனா முனைக்கு வந்து நின்றன. முகம் தெரியாத யாரோ ஒருவரைப் பிடித்து உலுக்குவது அவளுக்கு இனித்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாருக்குப் படித்தும் காட்டினாள்.

"‘இதை எழுதியவர் தாம் ஆராயும் உயிரை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை. இதை வெளியிடுவது காகிதத்துக்குச் செய்யும் துரோகம்.’ எப்படி அத்தை?"

"ஐயையோ! இப்படியெல்லாமா எழுதுவாங்க?"

"எனக்கு இதைவிட மோசமா சொல்லியிருக்காங்க."

மாமியாருக்கு அந்த வரி ஒட்டிக்கொண்டது. குழாயில் கோளாறே இல்லை என்று சாதித்த பிளம்பரிடம், "நீ ஆராயும் குழாயை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை," என்று சொல்லி மறுபடி ஸ்பேனரை எடுக்கவைத்தார்.

சார் அபிப்பிராயத்தை ரசித்து ரசித்துப் படித்தார். "ஒரு சொல்லைக்கூடச் சுருக்க முடியாது! இப்பத்தான் நீ ஆராய்ச்சியாளர் ஆயிருக்கே," என்று அனுமதிக் கடிதத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். அவரிடம் அவள் வாங்கிய முதல் பாராட்டு அது. வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டாள்.

கல்லூரி திறக்கும் வாரத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது. "சார் பேரை எடுத்துட்டு நம்ம ரெண்டு பேர் பேர்ல அனுப்பினேனே, அந்தக் கட்டுரைக்குப் பதில் வந்திருக்கு. உனக்கு அனுப்பியிருக்கேன், பாரு," என்று சொல்லி வைத்துவிட்டார்.

கணவன் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சமையலறையில் மாமியார், ஆராய்ச்சி முடிந்த தைரியத்தில், ஜன்னல் திட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏத்துக்கிட்டாங்களா?"

"இல்லை. வேலை போச்சு. எவனோ ஒருத்தன் வேண்டாம்னு எழுதிட்டானாம்."

"எவன் அவன்? மூணு வருஷ உழைப்பு! என்னதான் எழுதியிருக்கான், சத்தமாப் படி."

"‘இதை எழுதியவர்…’"

அவள் போனை மடியில் கவிழ்த்துக்கொண்டாள்.

"என்ன நிறுத்திட்டே? மேல படி."

கையில் ஈரத்துணியோடு மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"‘தாம் ஆராயும் உயிரை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை’, அதானேம்மா? நீ எழுதின அன்னைக்கே நெனச்சேன், யாரு பெத்த பிள்ளையோ, இதைப் படிச்சா அழுமேன்னு!"