மூச்சைப் பிடிக்கச் சொன்ன மருமகனுக்கு

அக்கா பெற்ற ரத்தினமும் எக்ஸ்ரே அறையின் ஏகச் சக்கரவர்த்தியுமான மருமகனுக்கு, ஒரு பங்களாவின் சாமான் முழுவதையும் ஒரே மூச்சில் ஏலம் கூவி விற்று ஓய்வுபெற்ற உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தை, என் இருமல் மூவரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மெஷினும் அப்படியே இருக்க வேண்டும்.

என் மகளைக் கட்டித்தரச் சொல்லி உன் அம்மா மூலம் கேட்டிருந்தாய். யோசித்துச் சொல்வதாக இருந்தேன். திங்கட்கிழமை உன் அறைக்கு வந்துபோனதில் யோசிக்கிற வேலை மிச்சமாகிவிட்டது.

இருமலுக்கு நெஞ்சைப் படம் எடுத்தே தீர வேண்டும் என்று டாக்டர் அனுப்பினார். சட்டையைக் கழற்றச் சொன்னாய், கழற்றினேன். ஐஸ்கட்டி மாதிரி இருந்த பலகையில் நெஞ்சை ஒட்டி, மோவாயைத் தூக்கி, இடுப்பில் கைவைத்து, ராஜா வேஷம் கட்டியவனைப் போல நின்றேன். "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க மாமா, நான் சொல்றப்ப விட்டாப் போதும்" என்று தடுப்புக்குப் பின்னால் போனாய். இழுத்தேன். ஜன்னல் திரை என் பக்கம் பறந்து வந்தது, அடுத்த அறையில் நாலு பேருக்குக் காற்றே போதவில்லையாம். அந்த நேரம் பார்த்து உன் போன் அடித்தது. நீ ஹலோ சொன்ன குழைவிலேயே மறுமுனையில் என் மகள்தான் என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை, காதுக்குள் கடல் இரைந்தது. நீ விடச் சொல்லவில்லை, நானும் விடவில்லை, சொன்ன சொல்லை மீறுகிற பரம்பரையா நம்முடையது? முகம் கத்தரிக்காய் நிறமாச்சு, கண் ரெண்டும் வெளியே எட்டிப் பார்த்துட்டு உள்ளே போச்சு, செத்துப்போன என் முதலாளி பலகைக்குள்ளேயிருந்து வந்து ஏலம் இன்னும் முடியலையான்னு கேக்கறார், நான் என்னத்தைச் சொல்றது, வாயைத் திறந்தா படம் கெட்டுடுமே. கடைசியில் வெடித்தேன் பார், கதவு தானே திறந்தது, வெளியே வரிசையில் இருந்தவர்கள் தெருவரைக்கும் ஓடினார்கள். நீ பதறிப்போய் பட்டனை அமுக்க, படத்தில் என் நெஞ்சு கொடியில் பறக்கிற துணி மாதிரி விழுந்தது.

அப்புறம் தண்ணீரைக் கொடுத்து, இன்னொரு படம் எடுத்துவிட்டு, எனக்கே பாடம் நடத்தினாய். நாமாக மூச்சை அடக்குவதற்கு ஓர் அளவு உண்டாம். ரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூளைக்கு அடியில் பிடரிக்கு நேரே உட்கார்ந்திருக்கிற முகுளம், நம்மைக் கேட்காமலே நரம்பு வழியாக உத்தரவு போட்டு மூச்சை ஓட்டிவிடுமாம். "உங்க மேல தப்பு இல்ல மாமா, முகுளம் அப்படித்தான்" என்றாய். என்னைக் கேட்காமல் உத்தரவு போட உன் அத்தை ஒருத்தி போதாதா? தூக்கத்தில்கூட லீவு எடுக்காத அந்த முகுளத்தின் பொறுப்பில் நூற்றில் ஒரு பங்கு உனக்கு உண்டா? போன் வந்ததும் தாய்மாமனை மறந்தவன் நாளைக்குப் பெண்டாட்டியை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வருவாய். ஆகவே பெண் கிடையாது. அக்காவே வந்து அழுதாலும் தீர்ப்பு மாறாது.

இனி வருகிறவர்களையாவது காலாகாலத்தில் மூச்சுவிடச் சொல்லும் புத்தி உனக்கு வாய்க்க ஆசீர்வதிக்கும்,
மாமன்.

பின்குறிப்பு: இரண்டாவது படத்தில் ஒன்றும் இல்லை, வெறும் இருமல்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதில் விழவில்லை என்று மேலே எழுதியது பொய். மூச்சுவிட்டால் அந்தச் சத்தத்தில் நீ பேசுவது கேட்காதே என்றுதான் அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சம்மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். "அதை அப்புறம் பார்த்துக்கலாம். மாமா நெஞ்சுல ஒண்ணும் இருக்கக் கூடாது, முதல்ல அது நல்லபடியா வரட்டும். நான் எத்தனை வருஷம் வேணாலும் காத்திருக்கேன்" என்றாய். மூச்சு வெடித்தது அந்த இடத்தில்தான், முகுளத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு வா.