சுவருக்கு வேர்த்த கதை

"குழாயில தண்ணி வராத நாளையில ஜின்னுக்கு வேர்க்காதா, உம்மா?"

சுபைறாவின் இளைய மகள், ஏழு வயதுப் பஸ்மினா இப்படித்தான் கேட்டாள். "வாயப் பொத்து" என்பது அவளுக்குக் கிடைத்த பதில். கல்முனைக்குடியில் அந்தக் கிழமை மூளையைப் பாவித்த ஒரே ஆளின் வாயைப் பொத்திவிட்டு, மிச்சச் சனம் வரிசையில் நின்றது.

வரிசை சுபைறாவின் வீட்டுக்குள் போய், படுக்கையறைச் சுவரில் இருந்த ஓர் ஈரக்கறையில் முடிந்தது. மூத்த மகள் பஹ்மிதாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை. கறையில் கண் தெரிகிறது என்றார் ஒருவர். தாடி தெரிகிறது என்றார் இன்னொருவர். நாவிதன்வெளியிலிருந்து ஓட்டோ பிடித்து வந்தவருக்கு, வந்த செலவுக்கு, கொம்பும் தெரிந்தது.

"சுவருக்குள்ள ஜின் அடைபட்டிரிக்கி. இது அதுட வேர்வ," என்றார் ஓதிப்பார்க்க வந்த முகைதீன்பாவா. ஓதின தண்ணீர் போத்தல் முந்நூறு ரூபா. இறைவசனத்துக்கு விலை கிடையாதாம், போத்தலுக்குத்தானாம்.

சுவரின் மறுபக்கம் குளியலறை. பஹ்மிதா யூடியூப்பில் பார்த்து ஆசைப்பட்டபடி, ஷவருக்குக் கீழே சுவரைக் குடைந்து, ஷம்புவும் சவர்க்காரமும் வைக்க ஒரு மாடம் செய்து டைல்ஸ் பதித்தவன் மேசன் றிபாத். மாடத்தின் அடித்தளம் வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்க வேண்டும். விழுகிற தண்ணீர் வழிந்துவிடும். அவசரத்தில் அவன் உள்பக்கம் சரித்துவிட்டான். தேங்கிய தண்ணீர் டைல்ஸ் இடுக்கால் இறங்கி மறுபக்கம் கசிந்தது.

கறையைக் கண்ட அன்றே அவனுக்கு விளங்கிவிட்டது. சொல்லத்தான் வந்தான்.

"உன்ட வேலையில ஒரு பிழையும் இல்ல மகன்," என்று பாவா தோளில் தட்டினார். திறந்த வாய் மூடிக்கொண்டது. பழியைச் சுமக்க ஜின் ஆயத்தமாக இருக்கும்போது மேசன் ஏன் முந்திக்கொள்ள வேண்டும்?

ஐந்தாம் நாள் பாவா விஷயத்துக்கு வந்தார். "பொண்ணுக்குப் போடுற காப்பு ரெண்டையும் தாங்க. நான் கொண்டு போய் ஜின்னுட்ட ஒப்படைக்கிறன்."

பஹ்மிதாவுக்கென்று சுபைறா வைத்திருந்தது தன் கையில் கிடந்த அந்த இரண்டு தங்கக் காப்பும்தான். அவள் மணிக்கட்டில் சவர்க்காரம் பூசிக் கழற்றப் பார்த்தாள். றிபாத்துக்குத் தாங்கவில்லை.

"மாமி, நாளைக்கு அஸர் தொழுற வரைக்கும் பொறுங்க."

மறுநாள் விடியற்காலை, டைல்ஸ் பார்க்கிற சாக்கில் குளியலறைக்குள் போய், வெள்ளைத்துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து மாடத்துக்குள் ஊற்றினான். அஸர் தொழுது வந்த சனம் சுவரைப் பார்த்து அலறியது.

"அல்லாவே! ஜின் நீலமா வேர்க்குது!"

பாவா கண்ணை மூடித் திறந்தார். "இது நீல ஜின். ஆக மோசமானது. காப்பு நாலு வேணும்!"

றிபாத் நீலம் பிடித்த விரல்களை உயர்த்தினான். "பாவா, நாளைக்கு என்ன நிறத்துல வேர்க்கும்? ஜின்னுட்டக் கேட்டுச் சொல்லுங்க. மாடத்துக்குள்ள சிவப்பு ஊத்துறதா, பச்ச ஊத்துறதா எண்டு நான் இன்னும் முடிவெடுக்கல்ல."

சிரிப்பு வெடித்தது. அடுத்ததைச் சொல்லும்முன் அவன் சுபைறாவின் பக்கம் திரும்பினான்.

"பிழ ஜின்னுடயில்ல. சரிவப் பிழையா வெச்சவன் நான்."

ஜின் போனதோ இல்லையோ, பாவா போனார். ஒரு செருப்பு மட்டும் வாசலில் மிஞ்சியது.

"அப்ப நான் குடிச்சது?" என்றார் போத்தல் வாங்கிய ஒருவர்.

"கிணத்துத் தண்ணி, காக்கா," என்றான் றிபாத் அந்த மூத்தவரிடம்.

அறிவும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம்தான். அதைப் போத்தல்காரரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் எதை வைத்து யோசிக்கப் போகிறீர்கள்? சின்னப்பிள்ளை கேட்ட ஒரு கேள்வியை அந்த வரிசையில் நின்ற ஒருவராவது கேட்டாரா?

இனி இந்த ஊரில் தனக்கு வேலை தருவது யார் என்று யோசித்தபடி றிபாத் தலைகுனிந்து நின்றான். சுபைறா ஒரு சொல்லும் ஏசவில்லை. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ மகன்," என்றாள். மாடத்தைத் திருத்தச் சொல்லி வீட்டுத் திறப்பையும் அவன் கையிலேயே கொடுத்தாள்.

மறுநாளே மாடத்தை உடைத்துப் புதிதாகப் பதித்தான். பத்து நாளில் சுவர் காய்ந்தது. வீட்டார் கலியாணத்துக்குச் சொல்ல சாய்ந்தமருதுக்குப் போயிருந்த ஒரு பகல், றிபாத் தன் செலவில் பெயின்ட் வாங்கிக்கொண்டு தனியாக வந்தான். மாடத்தில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். மிச்சமில்லாமல் வெளியே வழிந்தது. பிறகு, கறை இருந்த சுவரோடு நிற்காமல், ஒருவரும் கேட்காத மற்ற மூன்று சுவர்களுக்கும் பூசினான். நிலத்தில் சிந்திய துளிகளை மண்டியிட்டுத் துடைத்தான். கதவைப் பூட்டி, திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, வெறும் பெயின்ட் வாளியோடு நடந்தான்.