இடுப்பு வலிக்கு இன்னொருத்தர்

பிசியோதெரபிஸ்ட் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது, அவருடைய மனைவி ஹாலின் நடுவே பாய் விரித்து மல்லாந்து படுத்திருந்தாள். முழங்கால்கள் மடங்கியிருந்தன. இடுப்பு மெதுவாக மேலே எழும்பிக்கொண்டிருந்தது. தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த போனிலிருந்து ஓர் ஆண்குரல் வந்தது.

"அப்படித்தான். ரொம்ப அழகா பண்றீங்க. மூச்சை மட்டும் அடக்காதீங்க."

மனைவி மூச்சை விட்டாள். கணவர் அடக்கிக்கொண்டார்.

"யார் இது?" என்றார்.

"இடுப்பு வலிக்கு இவர்தான் சொல்லித் தர்றாரு. நூலகத்துல எல்லாரும் இவரோட வீடியோவைத்தான் பாக்கறோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அவள் நூலகத்தில் வேலை பார்ப்பவள். கீழ்த்தட்டுப் புத்தகங்களைக் குனிந்து குனிந்து அடுக்கியும், கட்டுக்கட்டாகப் புத்தகங்களை இடுப்பை வளைத்துத் தூக்கியும் இந்த வலியைச் சம்பாதித்திருந்தாள். முட்டியை மடக்கு, புத்தகக் கட்டை உடம்போடு ஒட்டிப் பிடி, தூக்கும்போது திரும்பாதே என்று அவர் சமையலறையில் சொல்லியிருக்கிறார், மாடிப்படியில் சொல்லியிருக்கிறார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுகூடச் சொல்லியிருக்கிறார். செருப்புக் கடைக்கு மேலே இருக்கும் அவருடைய கிளினிக்கில் சுளுக்கிய கணுக்காலோடு வருகிறவர்கள் அவர் சொன்னால் ஒற்றைக்காலில் நிற்பார்கள். வீட்டில் கிடைத்ததெல்லாம் ஒரு "ம்" மட்டும்தான்.

"இதே பயிற்சியை நானே உனக்குச் சொல்லியிருக்கேனே."

"எப்ப?"

"எப்பவா? கல்யாணம் ஆனதுலேர்ந்து."

"நீங்க சொன்னது திட்டு. இவர் சொல்றது பயிற்சி."

இதில் வயிறு எரியும் விஷயம் என்னவென்றால், அவளுக்கு வலி குறைந்துகொண்டே வந்தது. கீழே விழுந்த சாவியை முட்டி மடக்கி, முதுகு நிமிர்ந்து, பாடப்புத்தகப் படம் போல எடுத்தாள். ஒரு பிசியோதெரபிஸ்ட் சந்தோஷப்பட வேண்டிய காட்சி. அவருக்கோ அந்த வலி திரும்பி வந்தால் தேவலை என்று ஒரு கணம் தோன்றியது. வெட்கப்பட்டார். வெட்கம் போனதும் மறுபடியும் தோன்றியது.

கிளினிக்கில் உட்கார்ந்து அந்த ஆளின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நீல டீஷர்ட், ஒழுங்காக வெட்டிய தாடி, தொப்பை என்ற பேச்சே இல்லை. எத்தனை பார்த்தும் ஒரு தப்பு கிடைக்கவில்லை. அதுதான் அந்த ஆளிடம் இருந்த பெரிய குறை. போதாததற்கு, கணுக்காலுக்கு அந்த ஆள் காட்டிய ஒரு பயிற்சி நன்றாக இருக்கவே, அடுத்து வந்த நோயாளிக்குத் தன்னை அறியாமல் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டு, சாயங்காலம் வரை தன் மேலேயே எரிந்து விழுந்தார்.

வரவேற்பு மேஜையில் இருக்கும் அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"டாக்டர், உங்களுக்கும் இடுப்பு வலியா?"

"இல்லம்மா. ஆராய்ச்சி."

"வெளியில ஆளுங்க காத்துட்டிருக்காங்க. ஆராய்ச்சியை வீட்டுல வச்சுக்கலாம்."

'உண்மை விளம்பி' என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு வீடியோவுக்குக் கீழே எழுதினார்: 'இப்படிக் கண்டவர் பேச்சைக் கேட்டு இடுப்பை ஒடித்துக்கொள்ள வேண்டாம். அருகிலுள்ள நல்ல பிசியோதெரபிஸ்டை நேரில் பாருங்கள்.'

மறுநாள் சாப்பிடும்போது மனைவி கொதித்துக்கொண்டிருந்தாள்.

"எவனோ ஒரு வயித்தெரிச்சல் புடிச்சவன் அவரைப் பத்திக் கன்னாபின்னான்னு எழுதியிருக்கான்."

"வயித்தெரிச்சல்னு எப்படிச் சொல்றே? அனுபவசாலியா இருக்கலாம்."

"அனுபவசாலிக்கு வேற வேலை இருக்காதா? நான் விடல. நல்லா குடுத்தேன்."

அவர் கை கழுவுகிற சாக்கில் உள்ளே போய்ப் படித்தார். 'ஐயா உண்மை விளம்பி, என் கணவரும் இதே தொழிலில் இருப்பவர்தான். அவராலேயே இவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. நீங்கள் யார்?' அதன் பக்கத்தில் நீல டீஷர்ட்காரர் வைத்த ஒரு சிவப்பு இதயம்.

அந்த இதயத்தையே வெகுநேரம் முறைத்தார். பிறகு தான் எழுதியதை அழித்தார். அதோடு மனைவியின் பதிலும் இதயமும் சேர்ந்து காணாமல் போயின. நிம்மதியாக வெளியே வந்தார்.

"பாத்தீங்களா, பயந்து ஓடிட்டான்," என்றாள் மனைவி, போனை நீட்டி.

சண்டையை விட்டுவிட்டு அன்பில் இறங்குவது என்று முடிவு செய்தார். ஒரு நீல டீஷர்ட் வாங்கினார். கடைக்காரர் ஒரு அளவு பெரியதாக எடுக்கச் சொன்னதை மறுத்துவிட்டார். காலையில் பாய்க்குப் பக்கத்தில் போய் நின்று, குரலைக் குழைத்து, "அப்படித்தான். ரொம்ப அழகா பண்றே," என்றார்.

மனைவி இடுப்பைக் கீழே இறக்கினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன பண்ணிட்டீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அம்மாகிட்ட ஏதாவது சொல்லி வச்சீங்களா?"

"ஐயையோ, இல்ல."

அவர் அப்படிப் பதறியதில் அவளுடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது. அம்மாவுக்குப் போன் போட்டாள். மாமியார், மாப்பிள்ளை தன்னைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார் போலும் என்று புரிந்துகொண்டு அழுதார். தான் யாரைப் பற்றியும் எதுவுமே சொல்லவில்லை என்பதை விளக்குவதற்குப் பிசியோதெரபிஸ்டுக்கு அன்று முழுக்கச் சரியாக இருந்தது.

விடுமுறை நாளன்று வினை முற்றியது. போனில் அந்த ஆள் ஒருக்களித்துப் படுத்து, ஒரு கையை ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி தூக்கி, மேல் காலையும் வானத்தைப் பார்க்க உயர்த்திக்கொண்டிருந்தார். "உடம்பைச் சூடு பண்ணிக்காம இதைத் தொடாதீங்க," என்றும் சொன்னார்.

"இதெல்லாம் இவரால மட்டும்தான் முடியும்," என்றாள் மனைவி.

பிசியோதெரபிஸ்ட் பேப்பரை மடித்து வைத்தார்.

"தள்ளு."

"கொஞ்சம் கை காலை நீட்டி மடக்கிட்டு..."

"எனக்கே சொல்றியா?"

கையை ஊன்றினார். உடம்பு எழுந்தது. கால் எழுந்தது. ஒரு நொடி, அந்த நீல டீஷர்ட்காரரே பொறாமைப்படும்படி அவர் இருந்தார். பிறகு இடுப்புக்குள் எங்கேயோ 'டக்' என்றது. கால் கீழே வந்துவிட்டது. அவர்தான் எழுந்திருக்கவில்லை.

மனைவி ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி எடுத்து வந்து, முட்டி மடக்கி அழகாக உட்கார்ந்தாள். போனை அவர் காதருகே வைத்தாள்.

"திடீர்னு பிடிச்சுக்கிட்டா பயப்படாதீங்க," என்றது போன். "நான் உங்ககூடவே இருக்கேன்."

"அவனை நிறுத்து."

"ரொம்ப வலிக்குதா?"

"அவன் பேசும்போதுதான் வலிக்குது."

"அவர் சொல்றபடி செய்யுங்க. உங்ககிட்ட இதுதான், யார் சொன்னாலும் கேக்க மாட்டீங்க."

வேறு வழியில்லாமல் செய்தார். சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார முடிந்தது. அந்த ஆளின் பயிற்சியால் குணமாகிறோமே என்ற வலிக்குத்தான் எந்தப் பயிற்சியும் இல்லை.

மறுநாள் கிளினிக்குக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்து சேர்ந்தார். வந்தவர்கள் எல்லோரும் தங்கள் வலியை விட்டுவிட்டு அவர் வலியை விசாரித்தார்கள். கட்டிலை நகர்த்தினேன் என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக ஒரு புதுப் பெண்மணி வந்தார். தோள் இறுகிப்போய்க் கை மேலே போகவில்லை. சுவரில் விரல்களை நடக்கவிட்டு, மெல்ல மெல்லக் கையை உயர்த்தும் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார்.

"வலிக்கிற இடத்துல நிறுத்திடுங்க."

நிறுத்தினார்.

"கழுத்தைத் தூக்காதீங்க. தோள் தளர்வா இருக்கட்டும்."

தளர்வாக வைத்தார்.

"இதை வீட்டுல தினமும் செய்யணும்."

"கண்டிப்பா செய்யறேன் டாக்டர்," என்றார் அவர். "இவ்வளவு பொறுமையா, புரியற மாதிரி எனக்கு இதுவரைக்கும் யாருமே சொல்லித் தந்ததில்ல."

பிசியோதெரபிஸ்டின் முதுகு தானாகவே கொஞ்சம் நிமிர்ந்தது. இதைக் கேட்க மனைவி பக்கத்தில் இல்லையே என்றிருந்தது. சாய்ந்தபடியே எழுந்து கதவு வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். வாரக்கணக்கில் எரிந்துகொண்டிருந்த வயிறு முதல் முறையாகக் குளிர்ந்திருந்தது.

வரவேற்பு அம்மாள் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"டாக்டர், அந்தம்மாவோட வீட்டுக்காரர் வெளியில முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு, நீங்க பாத்துட்டிருந்த வீடியோவுல வர்ற அதே ஆளு, 'நான் சொன்னா காதுலயே வாங்காதவ, இவர் சொன்னா மட்டும் எப்படிக் கேக்கறா'ன்னு உங்களை நேர்ல பாத்துக் கேக்கணுமாம்."